தண்டவாளம் இல்லாத ஊரின் கரிவண்டி நினைவுகள்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் முதியவர்கள் நினைவுகூரும் நீராவி ரயில் அந்த ஊருக்கு ஒருநாளும் வந்ததில்லை. சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்து 1862இல் முழுமை பெற்ற அகலப்பாதை, அதாவது தண்டவாளங்களுக்கிடையே 1,676 மி.மீ. இடைவெளி கொண்ட பாதை, சேலம் நகருக்குள்கூட நுழையாமல் சூரமங்கலம் வழியே ஈரோட்டுக்குச் சென்றது; நாகப்பட்டினத்திலிருந்து ஈரோடு சென்ற தெற்குப் பாதையோ காவிரிக்கு அப்பால் கரூர் வழியே விலகிப் போனது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாமக்கல் சமவெளி ஒன்றரை நூற்றாண்டு காலம் இருப்புப்பாதையின்றியே இருந்ததால், இப்பகுதிக் குழந்தையின் ரயில் பயணம் முதலில் மாட்டுவண்டியிலும் பின்னாளில் பேருந்திலுமாக, ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலிருந்த சேலம் சந்திப்பை நோக்கியே தொடங்கியது.

பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதிக்கு வேறொரு வாய்ப்புக் கிட்டியது. 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், தானியத்தை விரைந்து கொண்டுசேர்ப்பதற்கெனப் பஞ்சத் தடுப்புப் பாதைகள் வகுக்கப்பட்டபோது, மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இலும் அங்கிருந்து ஓசூருக்கு 1913இலும் 762 மி.மீ. குறுகிய பாதை அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அது மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. கொடுத்ததைப் பறித்த ஆங்கிலேய அரசு, நாமக்கல் பக்கம் பறிப்பதற்கும் எதையும் வைக்கவில்லை.

குழந்தைகள் வாயால் ஓட்டிய 'குப்குப்' ஒலிக்கும் அவர்கள் கண்ணில் விழுந்த கரித்தூளுக்கும் மூலம் ஒன்றே. உருளைகளில் வேலை முடித்த நீராவி, புகைபோக்கியின் அடியிலுள்ள குழாய் வழியே விசையுடன் மேலே பீச்சப்படும். அவ்விசை அடுப்புக்குள் காற்றை இழுத்துத் தீயை வளர்க்கும். அதே இழுப்பில் முழுதும் எரியாத நிலக்கரித் துகள்கள் வெளியேறிப் பின்வரும் பெட்டிகளின் மீது படியும். இரண்டு உருளை இஞ்சினில் இயக்குசக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் நான்கு முறை இப்பீச்சல் நிகழ்வதால், ஏற்றத்தில் திணறும் வண்டியின் வேகத்தைக் காதாலேயே கணித்துவிடலாம். இஞ்சின் பக்கம் முகம் காட்டும் சன்னலோர இருக்கைக்குப் பிள்ளைகள் சண்டையிட்டதும், கண்ணைக் கசக்கியபடி சிறிது நேரத்தில் அவர்களே எதிர் இருக்கைக்கு மாறியதும் இதனால்தான்.

மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை அரைக் கட்டணம் என்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. தேதி குத்திய தடித்த அட்டைச் சீட்டின் ஒரு மூலையை வெட்டியெடுத்துக்கொண்டால் அது அரைச் சீட்டாகிவிடும். வெட்டிய துண்டு எழுத்தரின் கணக்கிலும், மூலையிழந்த அட்டை பயணத்தின் முடிவில் வாயில் பரிசோதகரிடமும் போய்ச் சேர்ந்ததால், பத்திரப்படுத்தி வைக்கப் பிள்ளைகளிடம் எதுவும் மிஞ்சவில்லை.

ராசிபுரம், நாமக்கல் வழியாகச் சேலத்தையும் கரூரையும் இணைக்கும் பாதை 2013இல்தான் திறக்கப்பட்டது. அகலப்பாதையில் நீராவி இழுவை 1995இலேயே முடிவுற்றிருந்ததால் டீசல் இஞ்சினே அங்கு முதலில் ஓடியது. கரிவண்டியைக் காண விரும்பும் இன்றைய சேந்தமங்கலத்துக் குழந்தை மேட்டுப்பாளையம்–குன்னூர் பல்சக்கரப் பாதைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கும் பல இஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறிவிட்டன.