மக்களுக்குப் புரியாத சொல்லில் மக்களாட்சியா?

அரசாங்கம் பேசுவது குடிமக்களுக்குப் புரிய வேண்டும். மக்களாட்சியின் முதல் பாடமே அதுதான். ஜப்பானிய அரசியலில் ஆங்கிலச் சொற்கள் பெருகியபோது அந்தப் பாடமே கேள்விக்குறியானது.

தொடக்கத்தில் நிலைமை வேறு. மெய்ஜி காலத்து அறிஞர்கள் மேலைநாட்டுச் சிந்தனைகளைச் சீன எழுத்துகளைக் கொண்டு மொழிபெயர்த்தனர். சுதந்திரத்திற்கு 'ஜியூ', உரிமைக்கு 'கென்ரி' எனச் சொற்கள் நிலைபெற்றன. மேடைப் பேச்சுக்கு 'என்ஸெட்சு' என்ற சொல்லைப் பரப்பிய ஃபுக்குசாவா யுக்கிச்சி, அதற்கென்றே 1875-இல் தோக்கியோவில் ஓர் அரங்கம் கட்டினார்.

போருக்குப் பின் அந்தப் பொறுமை குறைந்தது. ஆங்கிலச் சொல்லை அப்படியே 'கத்தகானா' எழுத்தில் எழுதினால் போதும் என்றாயிற்று. சீன எழுத்தைப் பார்த்து ஓரளவு பொருளை ஊகிக்கலாம். கத்தகானாவோ ஒலியை மட்டுமே தரும். அதிகம் தவித்தவர்கள் முதியவர்கள்.

பிரதமர் கொய்சுமி ஆட்சியில், 2002-இல், தேசிய ஜப்பானிய மொழி ஆய்வுக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. 2003 முதல் 2006 வரை 176 சொற்களுக்கு மாற்று முன்மொழியப்பட்டது. 'அக்கவுண்டபிலிட்டி'க்கு 'செட்சுமேய் செக்கினின்', அதாவது விளக்கம் கூறும் பொறுப்பு, அவற்றுள் ஒன்று. அமைச்சர்களை மடக்க எதிர்க்கட்சிகள் கையில் எடுப்பது இச்சொல்லைத்தான்.

அதே 2003 பொதுத்தேர்தலில் 'மேனிஃபெஸ்டோ' என்ற சொல் புகழ்பெற்றது. தேர்தல் வாக்குறுதிக்கு 'கோயாக்கு' என்ற பழைய சொல் இருந்தும், புதுச்சொல்லில் புதிய நம்பிக்கை தெரிந்தது. 2009-இல் ஜனநாயகக் கட்சி அதை முழங்கி 308 இடங்களை வென்றது. மாதம் 26,000 யென் குழந்தை உதவித்தொகை என்றது, கொடுத்ததோ 13,000. 2012-இல் அக்கட்சி 57 இடங்களுக்குச் சரிந்தது. அச்சொல்லின் மதிப்பும் உடன் சரிந்தது.

2013-இல் ஒரு முதியவர், தொலைக்காட்சியில் அளவுக்கு மீறிய அந்நியச் சொற்களால் மன உளைச்சல் எனப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது. ஆனால், அவர் எழுப்பிய கேள்வி தள்ளுபடியாகவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது 'கிளஸ்டர்', 'ஓவர்ஷூட்', 'லாக்டவுன்' என்றே அறிவிப்புகள் வந்தன. 'கூட்டுத்தொற்று' போன்ற பொருள் தரும் ஜப்பானியச் சொற்கள் இருக்கையில் இவை எதற்கு என்று அன்றைய தற்காப்பு அமைச்சர் கோனோ தாரோ கேட்டார்.

நியாயமான கேள்வி. உயிர் காக்கும் அறிவிப்புக்கே அகராதி தேவைப்பட்டால், அது யாரைக் காக்கும்? சொல் புரிந்தால்தான் குடிமகன் கேள்வி கேட்பான். அவன் கேட்டால்தான் ஆட்சியாளருக்குப் பொறுப்பு வரும்.