ஆப்பிள் பூரணத்தின் பூர்விகம்

ஒரு பொருளை முழுக்க முழுக்க அமெரிக்க மண்ணுக்கே உரியது என்று சொல்ல விழையும்போது, 'ஆப்பிள் பையைப் போல' என உவமை கூறுவது அந்நாட்டார் வழக்கம். 'பை' என்பது கோதுமை மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த உறைக்குள் பூரணம் வைத்து, மேலும் ஒரு மாவுத் தகட்டால் மூடி, அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம். நம் இல்லங்களில் சோமாசிக்குள் வைக்கும் தேங்காய்ப் பூரணம் போல, அங்கே ஆப்பிள் துண்டுகளும் சர்க்கரையும் பட்டையும் எலுமிச்சைச் சாறும் கலந்த பூரணம். கத்தி பட்டவுடன் சாறு சுரக்க வேண்டும். ஆனால் தட்டில் வழிந்தோடிவிடக் கூடாது. அந்தப் பக்குவத்தில்தான் சமைப்பவர் திறமை இருக்கிறது.

இப்பண்டம் மெய்யாகவே அமெரிக்க நாட்டின் சொந்தச் சொத்துதானா? பூரணத்தில் சேரும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஆப்பிள். இதன் மூதாதை இன்றைய கஸக்ஸ்தானை ஒட்டிய தியான்ஷான் மலைச் சாரலில் வளர்ந்த காட்டு மரம். ருஷ்ய விஞ்ஞானி வவிலோவ் 1929ஆம் ஆண்டு அல்மா அத்தா நகரைச் சுற்றியுள்ள காடுகளைக் கண்டு இவ்வுண்மையை உணர்ந்தார். பிற்கால மரபணு ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தின. பட்டுப் பாதையில் சென்ற வணிகர்களோடு அக்கனி மேற்கே பயணம் செய்தது. ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய் மரத்தின் கனி கிடைக்காது; ஒட்டுக் கட்டினால்தான் கிடைக்கும். அவ்வித்தையைக் காத்து வளர்த்தோருள் 12ஆம் நூற்றாண்டின் செவில்லி நகர அறிஞர் இப்னுல் அவ்வாம் குறிப்பிடத் தக்கவர். அவருடைய 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண்மை நூல் ஒட்டுக் கட்டும் முறைகளை விரிவாகப் பேசுகிறது.

அரபு மொழியில் ஆப்பிளுக்குத் 'துஃப்பாஹ்' என்று பெயர். 'ஆயிரத்தோர் இரவுகள்' தொகுப்பில் 'மூன்று ஆப்பிள்கள்' என்றே ஒரு கதை உண்டு. நோயுற்ற மனைவி ஆசைப்பட்டாள் என்பதற்காக ஒருவன் பக்தாதிலிருந்து பஸ்ரா வரை சென்று, கலீஃபாவின் தோட்டத்தில் மூன்று தீனார் கொடுத்து மூன்று கனிகள் வாங்கி வருகிறான். கதையே எனினும், அக்கனிக்கு அன்றிருந்த மதிப்பை அது காட்டுகிறது.

கனி அடுக்களையில் புகுந்த வரலாற்றையும் பக்தாதில் காணலாம். முஹம்மத் இப்னுல் ஹசன் அல்பக்தாதீ ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) எழுதிய 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலில் 'துஃப்பாஹிய்யா' இடம்பெறுகிறது. புளிப்பு ஆப்பிளை உரலில் இடித்துப் பிழிந்த சாற்றில் இறைச்சியை வேகவைத்து, வாதுமைப் பருப்புச் சேர்க்கும் பண்டம் அது. அதற்கும் முந்திய 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த நூலில் 'ஜூதாபா' என்னும் பண்டத்தின் வகைகள் பல உள்ளன. ஹாரூன் ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தியின் பெயரால் வழங்கிய ஒரு வகையில், மெல்லிய ரொட்டியைப் பரப்பி, அதன்மேல் வாழைப்பழமும் சர்க்கரையும் அடுக்கி, பன்னீர் தெளித்துத் தந்தூர் அடுப்பில் வைப்பர். மேலே கோழியைத் தொங்கவிடுவர். ஒழுகும் சாறெல்லாம் கீழே இருக்கும் ரொட்டியிலும் கனியிலும் இறங்கும். இதுவே ஆப்பிள் பைக்கு நேர் மூதாதை என்று நான் சொல்ல வரவில்லை. சாறு வீணாகாமல் மாவுப் பண்டத்தில் ஏந்திக் கொள்ளும் கலை அங்கே முதிர்ந்திருந்தது என்பதே சொல்லத் தக்கது.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 1390இல், இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் தலைமைச் சமையற்காரர்கள் தொகுத்த சுவடியில் ஆப்பிள் பண்டம் எழுத்தில் வருகிறது. ஆப்பிள், பேரி, அத்தி, உலர் திராட்சை ஆகியவற்றை மசித்து, நறுமணப் பொருள் சேர்த்து, குங்குமப்பூவால் நிறமேற்றி, மாவுக் கூட்டில் இட்டுச் சுடுக என்பது அதன் சாரம். இதில் சர்க்கரை இல்லை என்பது ஊன்றிக் கவனிக்கத் தக்கது! இனிப்பெல்லாம் அத்தியும் திராட்சையும் தந்தவை. சர்க்கரை அன்று ஐரோப்பாவில் செல்வர் வீட்டுச் சரக்கு. குங்குமப்பூவின் ஆங்கிலப் பெயரான 'சாஃப்ரன்' என்பதும் 'ஸஃபரான்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே.

சர்க்கரையின் பெயரே அதன் பயண வழியைச் சொல்லிவிடும். வடமொழியில் 'சர்க்கரா', பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'ஸுக்கர்', ஆங்கிலத்தில் 'சுகர்'. நம் கற்கண்டின் உறவுச் சொல்லே அரபியில் 'கந்த்' ஆகி, மேற்கே 'கேண்டி' ஆயிற்று. எலுமிச்சை 'லைமூன்' ஆகி 'லெமன்' என வழங்கியது. கரும்பையும் எலுமிச்சையையும் எகிப்திலும் சிசிலியிலும் அந்தலூஸிலும் பயிராக்கியவர்கள் அரபு உழவர்கள்.

இந்த இடத்தில் பெருமிதத்தோடு நின்றுவிடுவது நம்மவர் பலரின் வழக்கம். 'எல்லாம் எம்மிடமிருந்தே சென்றன' என்று சொல்லி முடித்துக் கொள்வர். அதுவும் 'எல்லாம் எம்முடையவை' என்னும் அமெரிக்க உவமைக்கு உடன்பிறந்த பேச்சே. சரக்கின் பயணத்தை எழுதுபவர், அதைச் சுமந்த முதுகுகளையும் எழுத வேண்டாமா? கதையில் ஆப்பிள் விளைந்த அதே பஸ்ராவை அடுத்த உப்பு நிலங்களைத் திருத்தக் கிழக்கு ஆப்பிரிக்க அடிமைகள் வருத்தப்பட்டனர். அவர்கள் ஹிஜ்ரி 255 முதல் 270 வரை (கி.பி. 869-883) நடத்திய கிளர்ச்சி அப்பாசிய ஆட்சியையே உலுக்கியது. நம் வரலாற்றிலும் இந்தக் கறை உண்டு.

இனி 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் ஆங்கில மாது வெளியிட்ட சமையல் நூலைப் பார்ப்போம். ஆப்பிளைத் தோல் சீவி, நான்காய் நறுக்கி, சர்க்கரையும் எலுமிச்சையும் கிராம்பும் இடையிடையே இட்டு அடுக்கச் சொல்கிறார். பிறகு கழித்த தோலையும் நடுத்தண்டையும் ஜாதிபத்திரியோடு நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, அந்தப் பாகைப் பூரணத்தில் ஊற்றச் சொல்கிறார். என்ன நுட்பம்! தோலிலும் நடுத்தண்டிலும்தான் 'பெக்டின்' என்னும் பசைப்பொருள் மிகுதி. சாறு கெட்டிப்படுவது அதனால்தான். வேதியியல் அதற்குப் பெயரிடுவதற்கு முன்பே அடுக்களை அறிந்திருந்தது.

ஆனால் அந்த ஒரு பக்குவத்துக்குள் எத்தனை பேரின் கண்ணீர்! 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அத்தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்க மக்கள் விலங்கிட்டுக் கொண்டு செல்லப்பட்டனர். இங்கிலாந்தில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1700இல் சுமார் 4 பவுண்டாக இருந்த சர்க்கரைச் செலவு, 1800இல் சுமார் 18 பவுண்டாக உயர்ந்தது. ஏழையின் பூரணமும் இனித்தது. அடிமையின் வாழ்வு கசந்தது. ஜாதிபத்திரியோ பண்டா தீவுகளின் விளைபொருள். அதன் வணிகத்தைத் தனியுரிமையாக்க 1621இல் டச்சுக் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் அத்தீவுகளின் மீது படையெடுத்தார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் எஞ்சியோர் ஓராயிரம் அளவே என்பர். அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ரன் தீவு டச்சுக்காரர்க்கும், இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயர்க்கும் என 1667ஆம் ஆண்டு பிரேடா உடன்படிக்கை உறுதி செய்தது.

மனச்சான்று அடியோடு உறங்கிவிடவுமில்லை. 1791இல் இங்கிலாந்தில் பல குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் துறந்தன. மூன்று லட்சம் பேர் துறந்தனர் என்பது தாமஸ் கிளார்க்சனின் கணிப்பு. 1807இல் பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடுத்தது. 1833இல் அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் இயற்றியது. ஆயினும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அவர்களுள் தமிழர் பலர். உலகச் சர்க்கரையின் கதையில் நம்மவர் வியர்வையும் கலந்திருக்கிறது.

அமெரிக்காவுக்கு வருவோம். வட அமெரிக்க மண்ணில் இயல்பாக விளைந்தவை புளிப்பான சிறு காட்டு ஆப்பிள்களே. தோட்ட ஆப்பிளையும் கோதுமையையும் 17ஆம் நூற்றாண்டில் குடியேறியோரே கொண்டு சென்றனர். 1796இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் வெளிவந்த அமேலியா சிம்மன்ஸின் நூல், அமெரிக்கர் எழுதிய முதல் சமையல் நூலாகப் போற்றப்படுவது. அதில் வரும் ஆப்பிள் பூரணத்தில் எலுமிச்சைத் தோல், பட்டை, ஜாதிபத்திரி, சர்க்கரை ஆகியவற்றோடு பன்னீரும் சேர்கிறது! பக்தாதின் ஜூதாபாவில் தெளித்த அதே பன்னீர்.

பூரணத்தின் பக்குவத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் மலியும் சிவந்த இனிப்பு ஆப்பிள் வெந்தால் குழையும். 'கிரானி ஸ்மித்' போன்ற பச்சை நிறப் புளிப்பு ஆப்பிளே ஏற்றது. ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவி வில்லைகளாக்கி, 125 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிடுக. சர்க்கரை கனியின் நீரை வெளியே இழுத்துவிடும். அச்சாற்றை வடித்து, சிறிது வெண்ணெய் சேர்த்துப் பாகாகும் வரை சுண்டக் காய்ச்சுக. இரண்டு மேசைக்கரண்டி சோளமாவை வில்லைகளில் புரட்டி, பாகை ஊற்றி, மாவு உறையில் நிரப்புக. மேலுறையில் ஆவி வெளியேறக் கீறல் இடுக. உள்ளே பூரணம் கொதித்துக் குமிழ்விடும் வரை சுட்டு, மூன்று மணி நேரம் ஆறவிட்டு அறுத்தால், சாறு நிறைந்தும் வழியாமலும் இருக்கும்.

'பூரணம்' என்னும் சொல்லுக்கு நிறைவு என்பது பொருள். தியான்ஷான் உழவனும், பக்தாதின் சமையற்காரரும், பண்டாவில் மாண்டோரும், கரும்புத் தோட்டத்து அடிமையும், சென்னையிலிருந்து கப்பலேறிய கூலியும் இடம்பெறாத வரலாறு எப்படிப் பூரணமாகும்? உணவுக்கு நாட்டுரிமை கோருவோர் யாராயினும், அமெரிக்கராயினும் நம்மவராயினும், உறையை மட்டுமே காட்டி உள்ளே இருப்பதை மறைக்கின்றனர். உறையைத் திறந்து அனைவர் பெயரையும் சொல்வதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.