முதலில் இறந்தது யார்? ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் பிரேதப் பரிசோதனை

1/

போன வாரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். ஐ.டி. வேலையில் இருக்கிறான். செல்போனை நீட்டி, "மாமா, இதுல மூணு லட்சம் கிரிப்டோவா போட்டு வச்சிருக்கேன், பாருங்க" என்றான். திரை முழுக்கப் பச்சையாக எண்கள்.
"காசு யார்கிட்டடா இருக்கு?" என்று கேட்டேன்.
"என்கிட்டதான். அதான் பேலன்ஸ் காட்டுதே!"
அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்கிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கதை ஒரு மருத்துவமனையில் தொடங்குவதால், இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

2/
2018 டிசம்பர் 8. ஜெய்ப்பூர். தேனிலவுக்கு இந்தியா வந்திருந்த ஒரு கனடா நாட்டு இளைஞருக்குக் கடுமையான வயிற்று வலி. தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மறுநாள் நிலைமை மோசமாகிறது. செப்டிக் ஷாக், அடுத்து கார்டியாக் அரெஸ்ட். டிசம்பர் 9 மாலை இறந்துபோகிறார். வயது 30. பெயர் ஜெரால்ட் காட்டன். அவருக்கு ஏற்கெனவே குரோன் நோய் இருந்தது.

3/
"முப்பது வயசுல வயித்து வலி வந்து ஒரே நாள்ல சாவாங்களா டாக்டர்?"
சாவார்கள். குரோன் நோய் குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் நோய். சிலருக்குக் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். சிலருக்குக் குடல் சுவரில் ஓட்டை விழும். குடலுக்குள் இருக்க வேண்டிய கிருமிகள் வயிற்றறைக்குள் கொட்டினால் பெரிட்டோனைட்டிஸ். அவை ரத்தத்தில் கலந்தால் பி.பி. மளமளவென இறங்கும். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் ராத்திரி வென்டிலேட்டரில் இருப்பதை ஐ.சி.யு.வில் வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருப்போம்.
இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

4/
யார் இந்தக் காட்டன்? கனடாவின் மிகப்பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சான குவாட்ரிகா சி.எக்ஸ். நிறுவனத்தின் தலைவர். 2013-ல் வான்கூவரில் தொடங்கிய நிறுவனம் அது. 2016-க்குப் பிறகு அதன் முழுக் கட்டுப்பாடும் இவர் ஒருவர் கையில்தான். ஊருக்குத் தெரிந்த பெரிய எக்ஸ்சேஞ்ச், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மனிதர், ஒரு லேப்டாப். முறையான கணக்குப் புத்தகம்கூடக் கிடையாது.

5/
அவர் இறந்த செய்தி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, 2019 ஜனவரி 14 அன்றுதான் தெரிகிறது. மாதக் கடைசியில் இணையதளம் மூடப்படுகிறது. ஜனவரி 31 அன்று, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு ஹாலிஃபாக்ஸில் நீதிமன்றத்துக்குப் போகிறது நிறுவனம்.
காரணமாகச் சொன்னது இதுதான்: "வாடிக்கையாளர்களின் காயின்கள் கோல்டு வாலட்டில் இருக்கின்றன. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் இறந்துவிட்டார்."

6/
கோல்டு வாலட் என்றால்? இணையத்தோடு தொடர்பில்லாமல் வைக்கும் பெட்டகம். அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குக் கொஞ்சம் காயினைக் கல்லாவில் (ஹாட் வாலட்) வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெட்டகத்தில் பூட்டிவைப்பார்கள். திருடர்களுக்குப் பயந்து செய்யும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாவி ஒன்றே ஒன்று, அதுவும் ஒருவரிடம் மட்டும் என்றால் என்ன ஆகும்?
கொடுமையைக் கேளுங்கள். நீதிமன்றத்துக்குப் போன அடுத்த வாரமே, கல்லாவில் மிச்சமிருந்த 103 பிட்காயின்கள் தவறுதலாக அதே திறக்க முடியாத பெட்டகத்துக்குள் போய்விட்டன!

7/
உலகமே சந்தேகப்பட்டது. "ஆள் சாகவே இல்லை, காசோடு ஓடிவிட்டான்" என்றார்கள். இறப்புச் சான்றிதழில் அவர் பெயர் தப்பாக இருந்தது. இறப்பதற்கு 12 நாட்களுக்கு முன்புதான் உயில் எழுதியிருந்தார். போதாதா? 2019 டிசம்பரில், வாடிக்கையாளர்களின் வழக்கறிஞர்கள் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி கனடா போலீசுக்குக் கடிதமே எழுதினார்கள்.

8/
அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஆனால் ஒரு மருத்துவராகப் பார்த்தால், குரோன் நோயாளி குடல் ஓட்டையாகி செப்டிக் ஷாக்கில் இறப்பதில் மர்மம் எதுவும் இல்லை. சான்றிதழில் பெயர் தப்பாக வருவதா? நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், எத்தனை பேர் திருத்தம் செய்ய வருகிறார்கள் என்று!
எல்லோரும் அந்த மனிதரின் சாவையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எக்ஸ்சேஞ்ச் எப்போது செத்தது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? அதற்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

9/
2018 ஜனவரி. குவாட்ரிகாவுக்கு நேரடி வங்கிக் கணக்கு இல்லை. வாடிக்கையாளர் பணத்தை வாங்கித் தர இடைத்தரகு நிறுவனங்களை வைத்திருந்தது. அப்படி ஒரு தரகரின் கணக்குகளில் கோடிகள் குவிவதைப் பார்த்த கனடாவின் பெரிய வங்கியான சி.ஐ.பி.சி., சுமார் 2.57 கோடி கனடா டாலரை முடக்கியது. "இந்தப் பணம் யாருடையது? தரகருடையதா, குவாட்ரிகாவுடையதா, போட்ட ஜனங்களுடையதா?" என்று வங்கி கேட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஒன்டாரியோ நீதிமன்றமும் அதே கேள்வியில் நின்றது. உரிமையாளர் யார் என்று தெளிவாகும்வரை பணம் நீதிமன்றப் பொறுப்பில் இருக்கட்டும் என்றது. பிறகு பணம் டி.டி.யாக வெளியே வந்தபோது, அந்த டி.டி.க்களைக் கணக்கில் போட்டுக்கொள்ள வங்கி கிடைக்காமல் நிறுவனம் திண்டாடியது.

10/
இந்த ஒரு வருடமும் வாடிக்கையாளர்கள் பணம் கேட்டால் வந்த பதில் ஒன்றுதான்: "வங்கிப் பிரச்சினை. கொஞ்சம் பொறுங்கள்."
வங்கி முடக்கியது நிஜம். அதனால் அந்தப் பதிலும் நம்பும்படியாக இருந்தது. நெஞ்சு எரிச்சலை "கேஸ்தான்" என்று தள்ளிப்போடுகிற மாதிரி. கேஸும் நிஜமாகவே இருக்கும். ஆனால் பின்னால் ஹார்ட் அட்டாக்கும் வந்துகொண்டிருக்கும்.

11/
2019 மார்ச். நீதிமன்றம் நியமித்த கண்காணிப்பாளரான எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் அந்தப் பெட்டகங்களைப் பார்க்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் எப்படி? பிட்காயினில் ஒரு வசதி உண்டு. பெட்டகத்தைத் திறக்கத்தான் சாவி வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து யாரும் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டி மாதிரி.
அடையாளம் கண்ட ஆறு பெட்டகங்களில் ஐந்து 2018 ஏப்ரலிலிருந்தே காலி! தவறுதலாகப் போன அந்தக் காயின்களைத் தவிர உள்ளே எதுவும் இல்லை.
காட்டன் இறந்தது டிசம்பரில். அதற்கு எட்டு மாதம் முன்பே எக்ஸ்சேஞ்ச் செத்துவிட்டது. சடலத்துக்கு இ.சி.ஜி. ஓடுகிற மாதிரி, ஒவ்வொருவர் போனிலும் பேலன்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

12/
காயின் எங்கே போனது? ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. எளிமையாகச் சொல்கிறேன்.
காட்டன் தன் எக்ஸ்சேஞ்சிலேயே பொய்ப் பெயர்களில் கணக்குத் தொடங்கினார். அந்தக் கணக்கில் டாலர் இருப்பதாக அவரே தட்டச்சு செய்துகொண்டார். இல்லாத அந்த டாலரைக் கொடுத்து, வாடிக்கையாளர்களின் நிஜ பிட்காயினை வாங்கினார். விற்றவர் திரையில் "டாலர் வந்துவிட்டது" என்று காட்டும். அவர் அதை எடுக்க வந்தால், அடுத்து வந்தவர் போட்ட பணத்திலிருந்து கொடுப்பார். நம்ம ஊர் மோசடி சீட்டுக் கம்பெனி பாணிதான், கம்ப்யூட்டர் மட்டும் புதுசு.
2018-ல் பிட்காயின் விலை விழுந்து புதுப்பணம் வருவது குறைந்ததும், பழைய பணத்தைக் கேட்டு வரிசை நீண்டது.

13/
கணக்கு இதுதான்: 76,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தர வேண்டியது சுமார் 21.5 கோடி கனடா டாலர். மீட்க முடிந்தது சுமார் 4.6 கோடி. நஷ்டத்தில் சுமார் 11.5 கோடி இந்தப் பொய்க்கணக்கு வியாபாரத்தில் போனது. மிச்சத்தில் ஒரு பகுதியை வேறு எக்ஸ்சேஞ்சுகளில் சூதாடித் தொலைத்தார், இன்னொரு பகுதி அவருடைய ஆடம்பரச் செலவுக்குப் போனது.
தொலைந்துபோன பாஸ்வேர்டால் போன பணம் என்று எல்லோரும் நம்பியது அந்தக் கணக்கில் பெரிய தொகையாக இல்லவே இல்லை.

14/
கடைசியில் ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? 2023-ல், ஒப்புக்கொள்ளப்பட்ட தொகையில் சுமார் 13 சதவீதம்.
இதில் இன்னொரு வலி இருக்கிறது. எந்தத் தேதி விலை? நிறுவனம் திவாலான 2019 ஏப்ரல் 15-ன் விலை. அன்று ஒரு பிட்காயின் 7,000 கனடா டாலருக்கும் குறைவு. அதில் 13 சதவீதம் என்றால் 900 டாலர்கூட வராது. காசோலை கைக்கு வந்த 2023 மே மாதத்தில் ஒரு பிட்காயின் 35,000 கனடா டாலரைத் தாண்டியிருந்தது.

15/
"என் பொருள்தானே, பொருளாகவே கொடுங்க" என்று கேட்க முடியாதா?
இங்கேதான் எல்லா வழக்கும் முட்டிக்கொள்கிறது. நகையை அடகு வைக்கிறீர்கள். பையில் உங்கள் பெயர் எழுதி உள்ளே வைப்பார்கள். வட்டி கட்டி மீட்கும்போது அதே சங்கிலி திரும்பி வரும், தங்கம் விலை ஏறியிருந்தால் லாபம் உங்களுக்கு. சீட்டுக் கட்டிய கம்பெனி கவிழ்ந்தால் அப்படியா? நீங்கள் கடன்காரர் வரிசையில் ஒருவர். கிடைப்பதைப் பங்குபோட்டுத் தருவார்கள்.
எக்ஸ்சேஞ்சில் இருக்கும் காயின் அடகு நகையா, சீட்டுப் பணமா?

16/
டோக்கியோவில் மவுன்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் முடங்கியபோது இந்தக் கேள்வி வந்தது. தங்களுடையதும் வாடிக்கையாளர்களுடையதுமாக 8,50,000 பிட்காயின்கள் காணவில்லை என்றார்கள். பிறகு ஒரு பழைய வாலட்டில் 2,00,000 கிடைத்தன. "காயின் என் சொத்து" என்று கேட்டுப் போன ஒரு வாடிக்கையாளரிடம் 2015-ல் டோக்கியோ நீதிமன்றம், "கையால் தொட முடியாத பொருளுக்கு உடைமையுரிமை கிடையாது" என்றது. அதற்குள் விலை பல மடங்கு ஏறியது. 2014 விலைக்குக் கடனை அடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் கம்பெனி முதலாளிக்குப் போய்விடும் என்ற நிலை! வாடிக்கையாளர்கள் போராடி 2018 ஜூனில் வழக்கின் வகையையே மாற்ற வைத்தார்கள். காயினாகத் திரும்பி வரத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடம்.

17/
நியூசிலாந்தில் கிரிப்டோபியா வழக்கில் 2020-ல் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது: காயின் ஒரு சொத்து, எக்ஸ்சேஞ்ச் அதை வாடிக்கையாளருக்காகப் பொறுப்பில் வைத்திருந்தது, அவ்வளவுதான்.
இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டு, எல்லோருடைய கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. சென்னை வாடிக்கையாளர் ஒருவர், "திருடு போனது வேறு வகைக் காயின், என்னுடையது 3,532 எக்ஸ்.ஆர்.பி., அதில் ஏன் கைவைக்கிறீர்கள்?" என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார்.

18/
நல்ல தீர்ப்பு. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பெட்டகத்தில் நகை இருந்தால்தான் "அது என் நகை" என்ற வாதத்துக்குப் பலன். குவாட்ரிகா மாதிரிப் பெட்டகமே காலி என்றால், எந்த நீதிபதி எதை எடுத்துக் கொடுப்பார்?
அதனால் கிரிப்டோ வைத்திருப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் சேர்த்து வெளியாள் யாராவது தணிக்கை செய்கிறார்களா? பணம் எடுப்பதில் தாமதம் வந்தால் சொல்லும் காரணம் மாதாமாதம் நீள்கிறதா? மூன்றாவதுக்கு "ஆமாம்" என்றால், கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

19/
அக்கா பையன் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, இப்பவே ஒரு பத்தாயிரம் எடுத்துப் பாரு" என்றேன். தட்டினான். சாப்பிட்டு முடிப்பதற்குள் வங்கியிலிருந்து மெசேஜ்.
"வந்துடுச்சு மாமா! பாத்தீங்களா?" என்று சிரித்தான்.
எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2017-ல் குவாட்ரிகாவிலும் கேட்டவர்களுக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னேன். மிச்சத்தை என்ன செய்தான் என்று இன்னும் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது கேட்க வேண்டும்.