தண்டவாளமும் தராசும்

ஈரோட்டு இரயில் சந்திப்பில் இறங்கி நகருக்குள் செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். நிலையம் ஓரிடம், ஊர் வேறோரிடம். இடையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். நிலையத்தை அடுத்து இரயில்வேக் குடியிருப்பு. காவிரிப் பக்கமாகப் பழைய கோட்டைப் பகுதியும் அதையொட்டிய வணிகத் தெருக்களும். ஒன்று மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஊர். மற்றொன்று அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து வாழ்ந்த ஊர். இவ்விரண்டையும் இணைத்த சாலையில் ஒரு நூற்றாண்டு காலம் நடந்த கொடுக்கல் வாங்கலைத்தான் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஐதர் அலி காலத்தில் மூவாயிரம் வீடுகள் கொண்டிருந்த இவ்வூர், அடுத்தடுத்து வந்த போர்களால் பாழ்பட்டது. அமைதி திரும்பியதும் மக்கள் மீண்டும் குடியேற, நானூறு வீடுகளும் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களுமாக மறுபடி தளிர்த்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூருக்குச் சென்ற இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது ஈரோடு அதன் வழியில் அமைந்தது. 1868இல் திருச்சியிலிருந்து கரூர் வழியாக வந்த மற்றொரு பாதையும் இங்கே வந்து சேர்ந்தது. நகராட்சி அமைந்தது 1871இல். பாதையும் நகரவையும் மூன்றாண்டு இடைவெளியில் வந்தன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

திருச்சிப் பாதை 1870களின் இறுதியில் குறுகிய பாதையாக மாற்றப்பட்டு, 1920களின் இறுதியில்தான் மீண்டும் அகலப்பாதையாயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளும் ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓட முடியாது. தஞ்சை நெல்லானாலும் கொங்கு நாட்டுப் பருத்தியானாலும், பாதை மாறிச் செல்ல வேண்டிய மூட்டை ஒவ்வொன்றும் ஈரோட்டில் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி மற்றொரு பெட்டியில் ஏறியாக வேண்டும். அதற்கு முதுகு வேண்டும். பொறியாளரின் கணக்கில் அது ஓர் இடையூறு. ஊருக்கோ அதுவே பிழைப்பு. மூட்டை இறங்கும் இடத்தில் மண்டி வரும். மண்டி வந்தால் தரகர் வருவார். அவர்களுக்குச் சோறு போடும் கடை வரும்.

இரயில் வெளியே கொண்டுசென்றவை மஞ்சள், மிளகாய், பருத்தி, கைத்தறித் துணி. உள்ளே கொண்டுவந்தவை மண்ணெண்ணெய், ஆலைத் துணி, பஞ்ச காலங்களில் பர்மா அரிசி. கிராமத்து உழவர் வாரச் சந்தைக்கு வந்து, விற்ற காசிலேயே உப்பும் புளியும் வாங்கிக்கொண்டு வண்டி பூட்டிவிடுவார். இரயில்வேக் குடும்பம் அப்படியன்று. மாதம் முழுவதும் மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கிச் சம்பள நாளில் தீர்க்கும். நாம் இளங்குருவாக இந்நகரில் பணியாற்றிய நாள்களில், ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர் மாலை வேளைகளில் வந்து அமர்வார். "சாமி, எங்க அப்பா ரெண்டு எசமானுக்குப் பயந்தாருங்க. ஒருத்தர் போர்மேன், இன்னொருத்தர் பத்து நோட்டு வெச்சிருக்கிற செட்டியாரு" என்பார். வீசையும் பலமும் படியும் ஆழாக்கும் வழங்கிய காலம் அது. படியைத் தலைதட்டி அளப்பதா, கும்பமாக அளப்பதா என்பது கடைக்காரரின் கையில் இருந்தது. கடன்பட்டவர் அதைக் கேட்க முடியாது. 1962க்குள் மெட்ரிக் அளவைகள் நாடெங்கும் கட்டாயமானபோது குறைசொன்னவர் பலர். தம் தாயார் மட்டும் மகிழ்ந்தார் என்று அந்த முதியவர் கூறியது நம் நினைவில் நிற்கிறது.

இனி நகரவைக்கு வருவோம். அந்நாளில் வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கே உண்டு. வரி செலுத்துவோர் என்றால் வீடும் கடையும் மண்டியும் உடையோர். ஆக, பற்று நோட்டில் பெயர் எழுதியவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். நோட்டில் பெயர் எழுதப்பட்டவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது விடுதலைக்குப் பின் வந்த பேறு. கடைவீதியை அகலப்படுத்துவதா, குடிநீருக்கு வரி போடுவதா என்ற கேள்விகளையெல்லாம் கல்லாவில் அமர்ந்தவர்களே நகரவையிலும் அமர்ந்து தீர்த்தார்கள்.

அவர்களுள் ஒருவர்தான் ஈ.வெ. இராமசாமி. அவர் தந்தை வெங்கட்ட நாயக்கர் எளிய நிலையிலிருந்து உழைத்து உயர்ந்த மண்டி வணிகர். மகன் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு மண்டியில் அமர்ந்தார்; வியாபாரிகளோடு வாதாடிப் பழகினார். பின்னாளில் மேடையில் கேட்ட அந்தப் பேச்சுக்கு இதுவே பயிற்சிக் களம் என்பது நம் கருத்து. 1910களின் இறுதியில் நகராட்சித் தலைவரானபோது அவர் கைவைத்தவை இரண்டு: காவிரி நீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவருவதும், கடைவீதியில் தெருவை நோக்கி நீண்டிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றித் தெருவை அகலமாக்குவதும். கடைக்காரர் ஒருவர் கடைக்காரர்களின் திண்ணைகளில் கைவைப்பது சிறிய செயலன்று. அவர் வந்த வகுப்பே அவருக்கு வாக்களித்த வகுப்பு. 1919இல் தாம் வகித்துவந்த 29 பொறுப்புகளையும் துறந்து காங்கிரசுக்குச் சென்றார்.

அதே ஆண்டுகளில், அதே இருப்புப்பாதையில் அறுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்த சேலத்தில் நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி. அங்கே குடிநீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்டவர் ஒருவரை அமர்த்தியதும், அக்கிரகாரத்தில் கூச்சல் எழுந்ததும் அவர் வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றவை. பிற்காலத்தில் எதிரெதிர்த் துருவங்களான இருவரும் அன்று நண்பர்கள்; இருவருமே தண்ணீர்க் குழாயிலும் தெருவிலும் அரசியல் பயின்றவர்கள். அரசியல் வரலாறு எழுதுவோர் இப்பகுதியை இரண்டு வரிகளில் கடந்து மாநாடுகளுக்குச் சென்றுவிடுகின்றனர். நமக்கு அது குறையாகவே படுகிறது.

காங்கிரசுக்குச் சென்ற பின்னும் இராமசாமி கடைவீதியை விட்டுவிடவில்லை. எதை வாங்குவது, எதை வாங்க மறுப்பது என்பதே அன்றைய அரசியலாயிற்று. மண்டி முதலாளியாக இருந்தவர் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் தொடங்கியது. தடையாணை பிறந்தது, அவர் சிறைப்பட்டார். அதன்பின் மறியலுக்கு வந்து நின்றவர்கள் அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். கடைத்தெருவில் பெண்கள் வந்து நின்றதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதுவரை அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சாமான் வாங்கவே ஆள் போவதுதானே வழக்கம்! மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாக வழங்கும் செய்தி பலரும் அறிந்ததே.

1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அவர் சிறை சென்றார். தம் ஊரில் தெருவை அகலமாக்கியவருக்கு அகலம் மட்டும் போதாது, அதில் யார் நடக்கலாம் என்பதும் கேள்வி என்று தெரிந்திருந்தது. 1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் 'குடிஅரசு' இதழ் தொடங்கியது. அதனைத் தொடங்கிவைத்தவர் சைவத் துறவியான திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள் என்பதை இன்று நினைப்போர் குறைவு. பிறகு அந்த ஏடு சமயங்கள் அனைத்தின்மீதும் பாய்ந்தது. அதன் முடிவுகளை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அந்நாளில் நம் ஆலயங்கள் சிலவற்றிலேயே சாதிக்கு ஓர் இடம் வகுத்து மக்களை அமர்த்தினோம் என்பதை மறைத்துவிட்டு அவரோடு வாதிட நமக்குத் தகுதியில்லை. கடையில் தள்ளி நிற்கச் சொன்ன அதே குரலைத்தானே அவர்கள் ஞாயிறன்று ஆலயத்திலும் கேட்டார்கள்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. பர்மா ஜப்பானியர் வசமாகி, அந்நாட்டு அரிசி நின்றது. பங்கீடு வந்தது. இரயில்வே நிர்வாகம் தன் ஊழியர்க்கெனத் தானியக் கடைகளை நடத்தி, சலுகை விலையில் பண்டங்களை வழங்கியது. நம் முதியவர் இதைச் சொல்லும்போது குரல் தாழ்த்துவார். குடியிருப்பில் அரிசி கிடைத்தது; சாலைக்கு அப்பால் கிடைக்கவில்லை. நிலையத்தில் மூட்டை சுமந்தவர்களோ இரயில்வேயின் ஊழியரல்லர், கூலிகள். மூட்டை அவர்கள் முதுகில். அரிசி வேறொருவர் உலையில். தம் தாயார் இருட்டியபின் முறத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே சென்றுவருவார் என்றும், விதிப்படி அது குற்றம் என்றும், தந்தை தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தார் என்றும் அவர் கூறினார்.

இன்று ஈரோட்டுக் கடைத்தெருவின் நடுவிடம் பன்னீர்செல்வம் பூங்கா. ஊரார் வாயில் அது பி.எஸ். பார்க். பேருந்து நடத்துநர் கூவுவதும் அப்படியே. அந்தப் பெயருக்கு உரியவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம், தஞ்சை மண்ணின் கத்தோலிக்கர், நீதிக்கட்சியின் அமைச்சர். 1940 மார்ச் 1ஆம் நாள் இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அவர் ஏறிய 'ஹானிபால்' வானூர்தி ஓமன் வளைகுடாவில் மறைந்தது. அவருக்கும் இவ்வூர்க் கடைத்தெருவுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை, கட்சித் தோழமைதான். அங்கே துணி வாங்கும் நம் பங்கு மக்களிடம் அவர் யாரெனக் கேட்டோம். ஒருவரும் சொல்லவில்லை. பூக்கட்டும் அம்மையார் ஒருவர் மட்டும், "பெரிய கடைக்காரரா இருந்திருப்பாருங்க" என்றார்.

ஈரோடு 2008இல் மாநகராட்சியானது. ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாதை மாற்றி மூட்டை ஏற்றும் வேலை ஒழிந்து பல தலைமுறைகள் ஆயின. ஆனால் திங்கள் மாலையில் கனி மார்க்கெட்டுத் துணிச்சந்தை கூடத் தொடங்குகிறது. கேரளத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் சிறு வணிகர்கள் வந்து இரவெல்லாம் பேரம் பேசுகின்றனர். செவ்வாய் விடியலில் நிலையத்துக்குச் செல்லும் சாலையில் நின்றால், கட்டிய மூட்டைகளுக்கு மேல் அமர்ந்து, வண்டிக்காரரோடு பத்து ரூபாய்க்கு வாதாடியபடியே அவர்கள் செல்வதைக் காணலாம்.