வெளிப்பாடும் பிழிவும்

எக்ஸ்பிரஷனிசத்தைத் தமிழில் வெளிப்பாட்டியம் என்கிறோம். அந்தச் சொல்லில் எனக்கு நெடுநாளாக ஒரு குறை. வெளிப்படு என்பது தன்வினை. நிலா மேகத்திலிருந்து வெளிப்படும். யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. லத்தீன் மூலமான 'எக்ஸ்பிரிமெரே' அப்படியல்ல. அழுத்தி வெளியேற்றுவது, பழத்தைப் பிழிந்து சாறெடுப்பது என்று பொருள். ஜெர்மன் மொழியின் 'அவுஸ்ட்ருக்' என்ற சொல்லுக்குள்ளும் 'ட்ருக்' இருக்கிறது. அதற்கு அழுத்தம் என்றும் பொருள், அச்சு என்றும் பொருள்.

இந்த இரண்டாம் பொருளை அறிய மரச்செதுக்கு அச்சுகளைப் பார்க்க வேண்டும். 1905-இல் டிரெஸ்டனில் கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப், பிளைல் என்ற நான்கு கட்டடக்கலை மாணவர்கள் 'டி ப்ரூக்கே' (பாலம்) என்ற குழுவைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு குழுவின் கொள்கை அறிக்கையையே கிர்ஷ்னர் பலகையில் செதுக்கி அச்சிட்டார். ஒவ்வோர் எழுத்தையும் இடவலம் புரட்டிச் செதுக்க வேண்டும். வெள்ளையாக வேண்டிய இடத்தை உளி தோண்டிவிடும். மிஞ்சிய மேட்டில் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் உளி சறுக்கிய தடமும் சேர்ந்தே வரும். அதை இவர்கள் மறைக்கவில்லை. ஹெக்கல் 1919-இல் செய்த ஆண் உருவப்படத்தில் முகம் ஒட்டி, பச்சை பாய்ந்து கிடக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு அது.

ஆனால் 1911-இல் பெர்லின் செசெஷன் கண்காட்சியில் 'எக்ஸ்பிரஷனிஸ்டுகள்' என்ற பெயர் முதலில் விழுந்தது இவர்கள்மீது அல்ல. பிக்காசோ, பிராக், டெரைன் முதலிய பாரிஸ் ஓவியர்கள்மீது. இம்ப்ரெஷனிசத்தின் எதிர்ச்சொல்லாக அது கைகொடுத்தது. அங்கே வெளியுலகம் கண்ணில் பதிகிறது. இங்கே உள்ளே கிடப்பது வெளியே தள்ளப்படுகிறது. 1914-இல் பவுல் ஃபெக்டர் அந்தப் பெயரிலேயே நூல் எழுதியபோது பெக்ஸ்டைனும் காண்டின்ஸ்கியும் அதற்குச் சான்றானார்கள். மூன்றே ஆண்டில் பெயர் நாடு மாறி ஜெர்மனிக்கு வந்துவிட்டது. ஓவியர் மூங்க் 'அலறல்' வரைந்த 1893-இல் பெயரே இல்லை. பொருள் மட்டும் இருந்தது.

1937-இல் நாஜிகள் இதற்கு வேறு பெயர் வைத்தார்கள்: சீரழிந்த கலை. கிர்ஷ்னரின் 639 படைப்புகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறிக்கப்பட்டன. அடுத்த ஜூனில் டாவோஸ் அருகே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பிழிவியம் என்று சொன்னால் காது ஏற்காது, வெளிப்பாட்டியமே நிலைத்துவிட்டது. யாருக்காவது அதை விளக்கும்போது நான் ஈரத்துணியை முறுக்குவதுபோல் இரண்டு கைகளாலும் செய்துகாட்டுவேன்.