வாலும் கோவணமும்: மிகுபுனைவை உள்ளிருந்து வாசிப்போர்

நிக்கோபார்த் தீவுகளில் வால் முளைத்த மனிதர்களைக் கண்டதாக 17ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் மாலுமி நில்ஸ் மாட்சன் கியோப்பிங் எழுதி வைத்தார். கப்பல்காரர்கள் கரையில் அளக்கும் கதையாக அது முடிந்திருக்கலாம். முடியவில்லை. உயிரினங்களுக்குப் பெயர் சூட்டி வகைப்படுத்திய லின்னேயஸ் வரை அந்தச் செய்தி போனது. ஸ்காட்லாந்து நீதிபதி மான்போடோ பிரபு, மொழியின் தோற்றம் பற்றி 1773இல் வெளியிடத் தொடங்கிய பெருநூலில் அதைச் சான்றாகவே எடுத்துக்கொண்டார். 14ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த ஒடோரிக் என்ற துறவியோ இதே தீவுக்கூட்டத்தாருக்கு நாய்முகம் வைத்து எழுதியிருந்தார். வாலும் நாய்முகமும் ஆளுக்கொருவர் கொடுத்தவை. இரண்டையும் மறுத்துச் சொல்லத் தீவுக்காரர் ஒருவர்கூட அந்தப் புத்தகங்களுக்குள் வரவில்லை.

பின்னால் வந்தவர்கள் விடையைச் சுலபமாகக் கண்டார்கள். நிக்கோபார் ஆண்கள் அன்று உடுத்தியது ஒரு கோவணம். அதன் நுனி பின்புறம் நீளமாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்த மாலுமிக்கு அது வாலாகிவிட்டது. பகுத்தறிவுக்கு இந்த விளக்கம் போதும். ஆனால் கதை இங்கேயும் முடியவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கார் நிக்கோபாரில் பதிவான தோற்றக் கதை ஒன்றில் அத்தீவு மக்களின் மூதாதையருள் ஒன்று நாய். கோவணத்தின் பின்தொங்கல் அந்த நாயின் வாலையும், தலைக்கட்டின் முனைகள் அதன் காதுகளையும் நினைவில் வைப்பவை என்பது அந்தக் கதையின் பொருள். அப்படியானால் மாலுமி கண்டது முழுப் பொய்யும் இல்லை. துணி என்று சொல்லி அதைத் தீர்த்துவைத்தவர் முழு உண்மையைச் சொல்லிவிடவும் இல்லை. வால் என்பது உடலில் இல்லை, துணியில் இருந்தது. அந்தத் துணியில் இருந்ததும் ஒரு கதைதான்.

வியந்து பார்ப்பவர், வியப்பை உடைப்பவர், கதைக்குள்ளேயே வாழ்பவர் என்று இங்கே மூன்று வாசகர்கள் இருக்கிறார்கள். மிகுபுனைவு, அறிவியல் புனைகதை ஆகியவற்றின் விமர்சன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதல் இருவரோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாமவர் ‘ரசிகர்’ என்ற பெயரில் ஒதுக்கப்படுகிறார். இந்த இலக்கிய வகையின் நுட்பமான வாசிப்புகள் பல அந்த மூன்றாமவரிடமிருந்தே வந்தன என்பது இக்கட்டுரையின் வாதம். கார் நிக்கோபார் அதற்கு உரைகல். அறிவியல் புனைகதை ரசிகர் அமைப்புகள் அங்கே தழைத்தன என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்நியர் கற்பனைக்கு இவ்வளவு நீண்ட காலம் இரையான இடங்கள் குறைவு என்பதே காரணம்.

தமிழ்க் கற்பனையும் இதற்கு விலக்கில்லை. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு, ஆடையில்லா நாகர் வாழும் மலைப்பக்கத்தில் கரை ஒதுங்குகிறான். அந்த இடத்தை நிக்கோபாரோடு பொருத்திப் பார்த்த அறிஞர்கள் உண்டு. கள்ளின் நாற்றமும் எலும்புக் குவியலும் சூழ வீற்றிருக்கும் தலைவன், மனித இறைச்சி உண்ணும் கூட்டம் என்று சாத்தனார் தீட்டும் காட்சி, கியோப்பிங்கின் வாலுக்குச் சற்றும் குறையாத கற்பனை. வேறுபாடு ஒன்று உண்டு. சாதுவனுக்கு அவர்கள் பேச்சு தெரியும். தெரிந்ததால் உயிர் பிழைக்கிறான், தலைவனோடு உட்கார்ந்து வாதம் செய்கிறான். வாதத்தில் வெல்வது சாதுவனின் பௌத்தம்தான். ஆனாலும் மறுபக்கத்துக்குப் பேச வாய் கொடுத்த வகையில் சாத்தனார் பின்வந்த மாலுமிகளைவிடப் பல படி மேலே நிற்கிறார்.

உள்ளிருந்து வாசிப்பவருக்குத் தமிழ்ப் புலமை பட்டிருக்கும் கடன் இதைவிடப் பெரிது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் கல்லூரி ஆசிரியரும் அல்லர், பதிப்பாசிரியரும் அல்லர். தமிழ் நூல்களில் தோய்ந்த வாசகர். அவர் 1880இல் கேட்ட கேள்விதான் உ.வே. சாமிநாதையரைச் சீவகசிந்தாமணியின் பக்கம் திருப்பியது. ஏட்டைப் பிரித்தால் நூல் பிடிபடவில்லை. சமணக் கொள்கை தெரியாமல் பொருள் நகராது. அப்போது கும்பகோணத்திலேயே சமண இல்லங்களில் அந்தக் காப்பியத்தைப் பாடமாகப் படித்து வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியவந்தது. அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. சச்சந்தன் கருவுற்ற அரசியை ஏற்றி அனுப்பும் மயிற்பொறி, வானில் பறந்து சுடுகாட்டில் இறங்கும் அந்த இயந்திரம், தமிழ் அறிவியல் கற்பனையின் மூத்த உதாரணமாக இன்று மேடைதோறும் பேசப்படுகிறது. அதைப் பேசுவோரில் எத்தனை பேர் அந்தச் சமண வாசகர்களை நினைக்கிறார்கள்? நூலை வழிபாட்டுப் பொருளாக வைத்துப் பூசித்ததோடு நில்லாமல், வரிக்கு வரி பொருள் கேட்டுப் படித்தவர்கள் அவர்கள். பற்றும் ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடிபட்டுப் போகிறது.

மேற்கே இந்த மூன்றாம் வாசகர் அச்சில் ஏறியது ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்கின் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில். 1926இல் தொடங்கிய அந்த இதழ் வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. முகவரியைப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதினார்கள், சங்கம் கூட்டினார்கள், தாங்களே உருட்டச்சில் இதழ் போட்டார்கள். அப்படியொரு ரசிகர் இதழில் 1945இல் டேமன் நைட் என்ற 23 வயது இளைஞர், புகழின் உச்சியில் இருந்த ஏ.இ. வான் வாட்டின் நாவலைப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டினார். கதைப்போக்கில் ஓட்டை, பாத்திரங்களில் குழப்பம், நடையில் அலட்சியம் என ஒவ்வொன்றுக்கும் சான்று வைத்தார். பல்கலைக்கழகங்கள் அந்த வகை எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத காலம் அது. வான் வாட் 1970இல் நாவலைத் திருத்தி வெளியிட்டபோது முன்னுரையில் நைட்டின் தாக்குதலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்தும் ஓர் எழுத்தாளரைத் தன் நூலை மீண்டும் புரட்ட வைத்த மதிப்புரைகள் கல்விப்புல இதழ்களில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

லாரி நிவனின் ‘ரிங்வேர்ல்ட்’ நாவலுக்கு நேர்ந்ததும் இதே வகை. விண்மீன் ஒன்றைச் சுற்றிப் பிரம்மாண்ட வளையம், அதன் உட்பரப்பில் உலகம்: 1970இல் வந்த அந்தக் கற்பனை வாசகர்களைக் கட்டிப்போட்டது. அடுத்த ஆண்டு பாஸ்டனில் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், வளையம் நிலைகொள்ளாது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர்கள் கோஷம் போட்டார்கள். கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. வளையம் சிறிது நகர்ந்தாலும் விண்மீனின் ஈர்ப்பு அதை மீண்டும் நடுவுக்கு இழுத்து வராது. விலகல் கூடிக்கொண்டே போய் வளையம் விண்மீனில் மோதும். நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையையே அடுத்த நாவலின் கருவாக்கினார். ரசிகர்கள் தவறு கண்டுபிடித்தார்கள் என்பது இதில் சின்ன விஷயம். கற்பனை வளையத்தை உண்மைப் பாலத்தைப் போல ஏற்றுக்கொண்டு அதன் மீது பாரம் ஏற்றிப் பார்த்தார்களே, அதுதான் பெரிய விஷயம். நம்பாதவர்கள் கணக்குப் போட மெனக்கெட மாட்டார்கள்.

அந்த உலகம் தன் ரசிக விமர்சகர்களைக் கௌரவிக்கவும் கற்றுக்கொண்டது. 1956இல் நூல் மதிப்புரைக்காக நைட்டுக்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. 1967 முதல் ரசிக எழுத்தாளருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சம்பளம் வாங்காமல் எழுதுபவருக்கும் விருது மேடையில் இடம் உண்டு.

தமிழில் விருது கிடையாது. ஆனால் ஆட்கள் உண்டு. சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. 1962 முதல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் வந்த தொடர் அது. ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டல் விபத்தில் கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் கை தமிழ்ச் சிறுவர்களின் இரண்டு தலைமுறைத் தூக்கத்தைக் கெடுத்தது. 1984இல் எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டபின் வாசகர் கடிதமும் ஆசிரியரின் ‘ஹாட்லைன்’ பகுதியும் கதைகளுக்கு நிகராக வாசிக்கப்பட்டன.

இங்கே ரசிகர்கள் செய்த வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்கள் கதாசிரியர் பெயரையோ ஓவியர் பெயரையோ அச்சிடுவது அபூர்வம். 1977இல் ‘2000 ஏடி’ வந்த பிறகே அங்கே அந்த வழக்கம் வேர்விட்டது. மூலத்திலேயே பெயர் இல்லாதபோது சிவகாசிப் பதிப்பில் அது எப்படி வரும்? மாயாவியை வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. எழுதியவர்கள் கென் பல்மரும் டாம் டல்லியும். குற்றவாளியாகத் தொடங்கி நாயகனான ‘ஸ்பைடர்’ கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். பிரிட்டனில் இந்த விவரங்களைத் தோண்டி எடுத்தவர்கள் டெனிஸ் கிஃபோர்டைப் போன்ற சேகரிப்பாளர்கள். தமிழில் அவற்றைத் தமிழ்த் தலைப்புகளோடு பொருத்தியவர்கள் பழைய புத்தகக் கடைகளில் இதழ் தேடி அலைந்த ரசிகர்கள். எந்தத் தமிழ் இதழ் எந்த மூலத் தொடரின் எந்தப் பகுதி, எங்கே கட்டம் மாற்றி ஒட்டப்பட்டது, எங்கே பக்கம் குறைந்தது என்று அட்டவணை போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் இதற்குப் பாடபேத ஆராய்ச்சி என்று பெயர் வைத்துப் பட்டமும் கொடுப்பார்கள்.

சுஜாதாவின் வாசகர்கள் வேறு ரகம். ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாய் கதாநாயகியைத் தாண்டி வீட்டு உறுப்பினராகிவிட்டது. அந்த நாயை வியந்தவர்களோடு நிற்காமல், இயந்திரம் யோசிக்குமா என்று கேட்கத் தொடங்கிய வாசகரையும் சுஜாதாவே உருவாக்கினார். தொடர்கதையில் பாதி, கேள்வி-பதில் பகுதிகளில் மீதி. அண்மைக் காலத்தில், கனவுருப்புனைவுக்கெனவே 2018இல் தொடங்கிய ‘அரூ’ இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தி இந்த வாசகருக்குப் புதிய களம் அமைத்தது. 1998இல் வேலூரில் உருவான இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் கல்விப்புலத்திலிருந்து இதே வழிக்கு வந்தது. இரு தரப்பும் ஒருவர் எழுதியதை மற்றவர் மேற்கோள் காட்டும் வழக்கம் இன்னும் பலப்படவில்லை. இழப்பு அதிகம் ஆய்வாளருக்குத்தான்.

ரசிக விமர்சகரைப் புகழ்ந்து மட்டும் தப்பித்துவிட முடியாது. பால்ய நினைவு அவருடைய தராசில் அடிக்கடி கை வைக்கும். லயன் காமிக்ஸ் 2012இல் புதுப் பொலிவோடு மீண்டு வந்தபின், ஐரோப்பாவின் தரமான படைப்புகள் வண்ணத்தில் கிடைக்கத் தொடங்கியும், மாயாவி மறுபதிப்பு எப்போது என்ற குரல் ஓயவில்லை. மாயாவியின் சாகசங்கள் பல, வயது வந்த பிறகு படித்தால் மெலிந்தவை. அதைச் சொல்லும் துணிவு எல்லா ரசிகருக்கும் வருவதில்லை. டேமன் நைட்டின் மதிப்பு அந்தத் துணிவில் இருந்தது. பற்று உள்ளே அழைத்துப் போகும். போனபின் கண்ணைத் திறந்து வைத்திருப்பது வேறு வேலை.

இன்னொரு குறை கார் நிக்கோபாரில்தான் துலக்கமாகத் தெரிகிறது. உள்ளிருந்து வாசிப்பவர் யார் என்பதை அச்சு வசதி தீர்மானிக்கிறது. அந்தத் தீவின் முஸ் கிராமத்தில் 1890களின் நடுவிலிருந்து பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்ற தமிழர். அவர் நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் லண்டன் மானுடவியல் கழக இதழில் வந்தன. மறைப்பணியாளரான அவருக்குத் தீவின் ஆவி நம்பிக்கைகளில் அனுதாபம் கிடையாது. ஆனாலும் அன்றாடம் கண்டதை விடாமல் எழுதிவைத்ததால், ஓரிரு வாரம் தங்கிப் போன பயணிகளின் குறிப்பைவிட அவருடையது ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. அவரிடம் படித்த ஹா-செவ்-கா என்ற சிறுவன் பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரில் பேராயராகி, புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழிக்குக் கொண்டுவந்தார். 1952இல் மக்களவையிலும் அமர்ந்தார். எழுத்து மொழி அவர் காலத்தில் நிலைபெற்றது. தீவைப் பற்றி வெளியார் கட்டிய கற்பனைகளை அதே மொழியில் எடைபோடும் மதிப்புரைகளுக்குத்தான் இடம் அமையவில்லை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி அனுமதியின்றி அங்கே போக முடியாது. அது சரியான விதி. ஆனால் கற்பனைக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படுவதில்லை. தீவைப் பின்புலமாக்கி மிகுபுனைவு எழுதுபவர், நாய் மூதாதையின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் தன் கைப்பிரதியில் எங்கே கோடு போடுவார் என்று யோசித்தாக வேண்டும். அந்த வாசகரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

ஆவணக் காப்பகங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்வது தமிழ் வீடுகளின் பழக்கம். கதை அப்படித்தான் பிழைத்தது. வாசகர் கடிதப் பக்கம் கடலை மடிக்கப் போனது. காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அத்தகைய நூலகங்களில் முழு இதழ்கள் கிடைக்கும் இடங்களில், கதை, கட்டுரை, ஆசிரியர் பெயர் என்று அட்டவணையிடுவதோடு நில்லாமல் கடிதப் பகுதியையும் கடிதம் எழுதியவரின் ஊரையும் சேர்த்துக் குறித்தால், மாயாவிக்கும் ஜீனோவுக்கும் எந்த ஊரிலிருந்து என்ன எதிர்வினை வந்தது என்பதை முதன்முறையாக வரிசைப்படுத்திப் பார்க்கலாம். போர்ட் பிளேரிலிருந்தோ கார் நிக்கோபாரின் மலாக்காவிலிருந்தோ யாராவது எழுதினார்களா என்பதும் அப்போதே தெரியும்.