போர்டும் பிராசஸரும்: முப்பது வருஷப் பழுதுகள் சொல்ற பாடம்

"புது டெஸ்க்டாப் போடணும், எந்த மதர்போர்டு, எந்த பிராசஸர் நம்பி வாங்கலாம்?" இது நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி. மாடல் பேர் சொன்னா அடுத்த வருஷமே அது பழசாயிடும். அதனால இந்த எபிசோட்ல வரலாற்றைப் பார்க்கலாம். பெரிய கம்பெனிகளோட பொருள் எங்கே சறுக்கியது, அப்போ அவங்க என்ன செஞ்சாங்க?

முதல் கதை 1994. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரி. அங்கே கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. 11, 13 மாதிரி ஜோடியா வர்ற பகா எண்களை வெச்சு ஒரு கணக்கு போட்டுட்டு இருந்தார். விடை இடிச்சது. தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டார், மதர்போர்டைச் சந்தேகப்பட்டார், ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்த்தார். கடைசியில் மிஞ்சினது இன்டெலின் பென்டியம் பிராசஸர். 4195835ஐ 3145727ஆல் வகுத்தா 1.333820 வரணும். அந்த சிப் 1.333739 என்றது. வகுத்தலுக்காக சிப்புக்குள்ளே வெச்சிருந்த அட்டவணையில் சில இடங்கள் விட்டுப்போயிருந்தன, அதுதான் காரணம்.

இன்டெலுக்கு இந்த விஷயம் முன்னாடியே தெரியும். "உங்க வேலைக்கு இது பாதிப்புன்னு காட்டினா மாத்தித் தர்றோம்" என்பதுதான் அவங்களோட முதல் பதில். டிசம்பர் 12ஆம் தேதி ஐபிஎம் பென்டியம் கம்ப்யூட்டர்களை அனுப்புறதை நிறுத்தியது. 20ஆம் தேதி இன்டெல் இறங்கி வந்து, கேட்கிற எல்லாருக்கும் மாத்தித் தர்றோம்னு அறிவிச்சது. அதுக்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

அடுத்த கதையில் சிப் மேல தப்பே இல்லை. போர்டுல பிராசஸர் சாக்கெட்டைச் சுத்தி வரிசையா குட்டி டப்பாக்கள் நிக்கும், பார்த்திருப்பீங்க. அதுதான் கெப்பாசிட்டர். பவர் சப்ளையிலிருந்து வர்ற 12 வோல்ட்டை பிராசஸருக்குத் தேவையான சுமார் ஒரு வோல்ட்டுக்கு இறக்கும்போது, ஏற்ற இறக்கம் இல்லாம சீரா வெச்சுக்கிறது அதோட வேலை. 2000களின் முதல் பாதியில் பல கம்பெனிகளோட போர்டுகளில் இந்த டப்பாக்கள் தலை வீங்கி, கசிஞ்சு, சில நேரம் வெடிக்கவும் செஞ்சது. உள்ளே இருக்கும் திரவத்தின் கலவை சரியில்லை. அதிலிருந்த தண்ணி அலுமினியத்தோடு வினைபுரிஞ்சு ஹைட்ரஜன் வாயு சேர்ந்தது. வாங்கின அன்னிக்கு எல்லாம் ஒழுங்கா ஓடும். ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு காரணமே இல்லாம ரீஸ்டார்ட் ஆகும். டெல் கம்பெனி மட்டும் 2005ல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்கியது. சில பைசா பொருள், மொத்த போர்டையும் சாய்ச்சது. இன்னிக்கு போர்டு பெட்டியில் 'சாலிட் கெப்பாசிட்டர்' என்று பெருமையா அச்சிடுறாங்களே, அதுக்குப் பின்னால இந்தக் கதை இருக்கு.

மூன்றாவது வகைப் பழுது நம்ம காலத்துது. இங்கே பிரச்சினை, சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் போற வோல்டேஜ். 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை எக்ஸ்3டி சிப்கள் சில போர்டுகளில் கருகின. போர்டு கொடுத்த ஒரு வோல்டேஜ் அளவு மீறியிருந்தது. பயாஸ் அப்டேட் மூலம் ஏஎம்டி அதுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வெச்சது.

2024ல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள். கேம் ஆடும்போது 'வீடியோ மெமரி போதவில்லை'ன்னு பிழைச் செய்தி வரும், பாவம் ஆட்கள் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொன்னாங்க. பவர் கட்டுப்பாட்டைத் தளர்த்தி வெச்ச போர்டுகள் மேலதான் முதலில் பழி விழுந்தது. ஜூலையில், சிப்பின் மைக்ரோகோடே தேவைக்கு அதிகமா வோல்டேஜ் கேட்குதுன்னு இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்ல திருத்தம் வந்தது. ஆனா ஏற்கெனவே சேதமான சிப்பை அப்டேட் குணப்படுத்தாது. அதனால பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மாடல்களுக்கு வாரன்டியை மூன்றிலிருந்து ஐந்து வருஷமா நீட்டினாங்க.

இந்த எல்லாக் கதையிலும் பொதுவா ஒண்ணு இருக்கு. வாங்குற அன்னிக்கு யாராலயும் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. பிராண்ட் பேரும் காப்பாத்தல, விலையும் காப்பாத்தல. வாங்கினவங்களைக் காப்பாத்தினது மாத்தித் தர்ற வாரன்டியும், தொடர்ந்து வர்ற பயாஸ் அப்டேட்டும்தான்.

அதனால சேமிச்ச காசை வெச்சு வாங்கும்போது, வெளியாகி ஆறு மாசமாவது ஆன மாடலைப் பாருங்க. அந்த போர்டு கம்பெனியோட தளத்துல பழைய போர்டுகளுக்கும் பயாஸ் வருதான்னு பாருங்க. பெட்டியில் வர்ற சிப்புக்கு கம்பெனியே நேரடியா வாரன்டி கொடுக்கும். கொஞ்சம் மலிவுன்னு ட்ரே சிப் வாங்கினா, விற்ற கடைக்காரரைத்தான் நம்பணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். சிஸ்டம் போட்டதும் முதல் வேலையா பயாஸை அப்டேட் பண்ணிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.